சுருட்டுக்காரியின் வலப்பக்கம்

படம் எடுக்கத்தான் வந்தேன், பேசுவதற்கு அல்ல என்று கஜபதி தனக்குத்தானே இன்னொரு தரம் சொல்லிக்கொண்டார். சரக்கு யார்டுக்கு மேலே போகும் நடைபாலத்தில், கம்பி வலை கிழிந்த இடமாகப் பார்த்து நின்றிருந்தார். கிழிசல் வழியாகக் கையை நீட்டினால் வலையின் கட்டம் விழாமல் படம் வரும். ஓய்வு பெற்றதிலிருந்து அந்தக் கிழிசல் அவருடையது. மருமகள் வாங்கிக் கொடுத்த கைப்பேசி முழுக்க டீசல் எஞ்சின்கள்தாம். பேத்தியின் படத்தைத் தேட வேண்டுமென்றால் ஒரு கூட்ஸ் வண்டி நீளத்துக்கு எஞ்சின்களைத் தள்ளிவிட வேண்டும். ஆனால் அத்தனையிலும் சுருட்டுக்காரியின் படம் ஒன்றுகூட இல்லை. கீழே கடைசித் தடத்தில் துருப்பிடித்த டீசல் எஞ்சினாக நிற்கிறாளே, அவளைத்தான் அவர் ஒவ்வொரு முறையும் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டுப் பக்கத்தில் நிற்பவளை எடுத்தார். இன்றைக்கு அவளைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். மத்தியானத்துக்குள் இழுத்துப் போய்விடுவார்கள் என்று டீக்கடையில் சொன்னார்கள். நேற்று சாயங்காலம் பியூலாவும் அதையேதான் சொன்னாள். டிரைவர் ஞானாதிக்கத்தின் மகள். எங்கிருந்தோ எண்ணைப் பிடித்துப் பேசினாள். அங்கிள், அப்பாவுக்கு சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய்விட்டது, கட்டிலைவிட்டு இறங்குவதில்லை, சுருட்டுக்காரியை வெட்டப் போகிறார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து ஒரே பேச்சாக இருக்கிறார், கஜபதியைப் போய்ப் பார்க்கச் சொல்லு, அவன் பார்த்துச் சொன்னால் போதும் என்கிறார், நீங்கள் அங்கே நின்றுகொண்டு ஒரு போன் போட்டால் காதில் வைத்துவிடுவேன் என்றாள். படம் எடுத்து அனுப்புகிறேன் அம்மா என்றார் கஜபதி. அந்தப் பெண் கோபமில்லாமல், "படத்த அவர் எப்படி அங்கிள் பார்ப்பார்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் ராத்திரி முழுக்க முள்ளாக நின்றது. ஆனாலும் ஞானாதிக்கம் வேலைநிறுத்தத்தை உடைத்த கருங்காலி; கருங்காலியோடு பேசுவதில்லை என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. தனியாக வைத்துக்கொண்டதும் அல்ல. எழுபத்து நாலு மே மாதம், வேலைநிறுத்தம் உடைந்த அன்றைக்கே, யார்டுச் சுவரோரம் கூடி எல்லோருமாகக் கைதூக்கி எடுத்த முடிவு. கருங்காலிக்குத் தண்ணீர் கொடுக்காதே, அவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாதே, அவனிடம் வாய் திறக்காதே. அந்தத் துண்டறிக்கையை எழுதியதே கஜபதிதான். எட்டாம் வகுப்போடு நின்றவர், எழுதப் படிக்க மட்டுமல்ல, யோசிக்கவும் துண்டறிக்கையில்தான் கற்றுக்கொண்டார். இன்றைக்கும் மனசுக்குள் ஒரு கோபம் வந்தால் அது தலைப்போடும் மூன்று ஆச்சரியக்குறியோடும்தான் வருகிறது. கைதூக்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு வருடத்தில் கையை இறக்கிவிட்டார்கள். பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள், சீட்டுப் போட்டார்கள். சங்கம் இரண்டாக உடைந்தது, அந்த இரண்டில் ஒன்று மறுபடி உடைந்தது. இப்போது கூட்டம் போட்டால் பென்ஷன் வாங்குகிற கிழங்கள் நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முட்டி வலியைப் பற்றிப் பேசுகிறார்கள். விதியை விடாமல் வைத்திருப்பவர் கஜபதி ஒருவர்தான். அதை விட்டால் கையில் வேறென்ன மிஞ்சும் என்று யோசிக்கும்போதே, கீழே சுருட்டுக்காரியின் மேல் வெயில் ஏறிவிட்டது. ஏறிய வெயில் அவளை என்ன செய்கிறது பார். துரு என்கிறார்கள், அது வெறும் துருவா? செம்பருத்தியை அரைத்துப் பூசியது போல இருக்கிறது. அந்த நீண்ட முதுகு. காளைக்குத் திமில் அழகென்றால் இவளுக்கு முதுகுதான் அழகு, பதினாறு சிலிண்டரையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஒரு சுருக்கம் இல்லாமல் நீளும் முதுகு. வேகப்பிடியை ஒரு நோட்ச் ஏற்றினால் முதலில் ஒரு சீழ்க்கை, காது கேட்காத நாய்கூடத் திரும்பிப் பார்க்கும், பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல், அப்புறம் கொப்புளித்துக்கொண்டு எழும் புகை. சுருட்டுப் பிடிக்கும் பெண்பிள்ளை மாதிரி, தலையை நிமிர்த்தி, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் ஊதுவாள். அதனால்தான் அந்தப் பெயர். சிமென்ட்டோ நெல்லோ உரமோ, ஐம்பது அறுபது வேகன் பின்னால் தொங்கினாலும் ஒரு தரம் முனகிவிட்டுக் கிளம்பிவிடுவாள். இன்றைய மின்சார எஞ்சின்கள் சத்தம் போடாமல் வந்து சத்தம் போடாமல் போகின்றன. வேலை செய்கிறவன் மூச்சுவிடுவது கேட்க வேண்டாமா? இவள் மூச்சு மூன்று தெருவுக்குக் கேட்கும். கஜபதி அவளை வெறுத்த நாளிலும் அவள் மூச்சைக் கேட்டால் சோற்றுத் தட்டில் கை நின்றுவிடும்.

வெறுத்த நாள் என்றால் அந்த மே மாதம்தான். அப்போது கஜபதி நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவர். டீசலுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. யார்டிலிருந்து ஒரு வண்டியும் வெளியே போகக்கூடாது என்று தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் ஆட்கள், கைக்குழந்தையோடு பெண்கள். அவர் மனைவி மனோன்மணி மூத்தவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வலப்பக்கம் நின்றிருந்தாள். அப்போதுதான் சுருட்டுக்காரி வந்தாள், நீண்ட முதுகை முன்னால் விட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு போலீஸ்காரர்கள் தொங்க. ஓட்டியவர் ஞானாதிக்கம். துணை ஆள் கிடைக்கவில்லை. அந்த இருக்கையில் ஒரு போலீஸ்காரனை உட்காரவைத்திருந்தார்கள். கொஞ்ச தூரம் வருவாள், நிற்பாள். மறுபடி கொஞ்ச தூரம், மறுபடி நிற்பாள். "பயந்துட்டான்டா, கருங்காலிக்குக் காலு நடுங்குது" என்று கஜபதிதான் முதலில் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களை லத்தி வந்து பிரித்தது. வண்டி போய்விட்டது. அது போனதோடு யார்டின் உறுதியும் போயிற்று, மறுநாள் பாதிப்பேர் வேலைக்குத் திரும்பினார்கள், கஜபதி சிறைக்குப் போனார். வேலையும் போயிற்று. சிறைக்கு வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று மனோன்மணி சொன்னாள், அந்த டிரைவர் என்னைப் பார்த்தாருங்க, இந்தப் பக்கத்து ஜன்னலுக்கு வந்து, நான் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஒதுங்குற வரைக்கும் பார்த்துக்கிட்டே நின்னாரு என்று. பயம் என்றார் இவர். "பயந்தவன் கண்ணு அப்படி இருக்காது" என்றாள் அவள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளோடு சண்டை போட்டது ஞாபகம் இருக்கிறது. கம்பியின் துருவாசனைகூட ஞாபகம் இருக்கிறது. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள், அந்தக் கண் எப்படி இருந்தது என்பதைச் சொல்லாமலே.

"இன்னா பெர்சு, கூட்சு இஞ்சினுக்குப் பொண்ணு பாக்க வந்த மாரி நிக்கிற?" மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு பெண் பாலத்துப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். தினமும் இந்த வழியாகப் போகிறவள்தான். அது செத்துப்போன எஞ்சின், இன்றைக்கு எடுக்கிறார்கள் என்றார் கஜபதி. "செத்தத போட்டோ புடிச்சு ஊட்ல வச்சா ஆவாதுய்யா" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தாள். அவளிடம் கோபித்துக்கொள்ள முடியவில்லை. பேருந்தில் இதைவிடக் கேலி நடக்கும். எழுபது தாண்டியும் அந்த வியாதி போகவில்லை: சாலையில் எந்த விளக்கைக் கண்டாலும் வாய் தானாகச் சொல்லிவிடும். சிவப்பு. மஞ்சள். பச்சை. சத்தமாக, தெளிவாக, பேருந்து முழுக்கக் கேட்கும்படி. ஓட்டுநர்கள் திரும்பி முறைப்பார்கள். ஒருவன் மட்டும், தாத்தா நீ ஏறினாலே எனக்குக் கண்ணாடி வேண்டாம் என்று சிரித்தான். சொல்வது வியாதி இல்லை. சொல்லிவிட்டு, திருப்பிச் சொல்லும் குரலுக்காகக் காது காத்திருக்கிறதே, வியாதி அதுதான்.

திருப்பிச் சொன்னவர் ஞானாதிக்கம். கஜபதிக்கு வேலை திரும்பக் கிடைத்து, டீசலுக்குப் பயிற்சி கொடுத்து, வேண்டுமென்றேதான் அந்த ஆளுக்குத் துணையாகப் போட்டார்கள். அடித்துக்கொண்டு சாகட்டும் என்று நினைத்திருப்பார்கள். முதல் நாள் படியேறி உள்ளே போனபோது அந்த மனிதர் எழுந்து, துணை ஆளின் இருக்கையைத் தன் துண்டால் தட்டிவிட்டார். கஜபதி உட்காரவில்லை, நின்றுகொண்டே வந்தார். ஆனால் டிரைவர் அறை பின்னால் இருக்க, நீண்ட முதுகு முன்னால் போகும்போது சுருட்டுக்காரி ஒரு வினோதமானவள். டிரைவருக்கு இடப்பக்கம் மட்டும்தான் தெரியும், வலப்பக்கம் முழுக்க அவள் உடம்பே மறைத்துவிடும். தண்டவாளம் வலது பக்கம் வளைந்தால் முன்னால் இருப்பது சிக்னலா மனுஷனா மாடா என்று துணை ஆள் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. அவன் சொல்ல வேண்டும், இவன் திருப்பிச் சொல்ல வேண்டும். அது சட்டம். அதனால் கஜபதி தன் விதியில் ஒரு ஓட்டை போட்டார்: சிக்னல் மட்டும் பேசலாம். அதையும் வம்புக்காக, எல்லோரும் சொல்வது போல கிரீன், எல்லோ என்று சொல்லாமல், பச்சை, மஞ்சள் என்றார். முதல் நாள் மட்டும் ஞானாதிக்கம் கிரீன் என்று திருப்பினார். மறுநாளிலிருந்து அவரும் பச்சை என்றார். எத்தனையோ வருடம். மழையில், அனலில், தூக்கம் கண்ணைக் குத்தும் விடியலில். வேறு ஒரு வார்த்தை கிடையாது. சாப்பாட்டுத் தூக்கை அவரவர் ஜன்னல் பக்கம் திரும்பித் திறந்தார்கள். அவர் வீட்டு மீன்குழம்பு வாசனை இன்றைக்கும் மூக்குக்குத் தெரியும், ருசி தெரியாது. வலது வளைவில் முதன்முதலாக யார்டுக்குள் மெல்ல ஊர்ந்தபோதுதான், ஜன்னலில் தலையை நீட்டியபடி, கஜபதிக்குச் சட்டென்று விளங்கிற்று. அந்த மே மாதம் இந்த ஆள் ஏன் நின்று நின்று வந்தார் என்று. பக்கத்தில் இருந்த போலீஸ்காரனுக்கு என்ன பார்த்துச் சொல்ல வேண்டும் என்று தெரியாது. வலப்பக்கம் பெண்கள் நிற்கிறார்கள், குழந்தைகள் நிற்கிறார்கள், இவருக்குத் தெரியவில்லை. நிறுத்துவது, எழுந்து இந்தப் பக்கம் வருவது, பார்ப்பது, திரும்பிப் போய் இன்னும் நாலு முழம் நகர்த்துவது. கருங்காலித்தனம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கருங்காலித்தனத்தை எவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறான். ஏன் செய்தான்? வீட்டில் நோயாளியா, சர்ச் சபைக்குப் பயந்தானா, வேலை போய்விடும் என்றா? கேட்டதில்லை. கேட்பதற்கு விதியில் இடமில்லை.

அப்புறம் அந்தப் பனி மூடிய காலை. தூரத்துச் சிக்னல் பச்சை. அதை இருவரும் பார்த்தார்கள். தூரத்தில் பச்சை என்றால் அடுத்ததும் வழி விட்டிருக்கும், அதுதான் கணக்கு. வலது வளைவு. பனிக்குள் ஒரு கண் சிமிட்டியது போல உள்சிக்னல் தெரிந்தது, கஜபதி சிவப்பு என்றார். வேறு எந்த டிரைவராக இருந்தாலும், பார்த்தியா, சரியாப் பாரு, முன்னால பச்சைதானே இருந்துச்சு என்று ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பான். ஞானாதிக்கம் கேட்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கஜபதியின் வாய் மூடுவதற்குள் பிரேக் விழுந்துவிட்டது. பின்னால் வேகன்கள் ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு வர, சுருட்டுக்காரி அத்தனை பாரத்தையும் தன் முதுகில் வாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்து, நின்றாள். பனி விலகியபோது முன்னால் தண்டவாளத்தில் டிராலியும், அதை இறக்கத் தவித்துக்கொண்டிருந்த, பாதை பராமரிக்கும் கேங்மேன்களும் தெரிந்தார்கள். ஞானாதிக்கம் துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்புறம், சட்டப்படி திருப்பிச் சொல்லாமல் விட்டது நினைவுக்கு வந்தவர் போல, முன்னால் பார்த்தபடியே, மெதுவாக, "சிவப்பு" என்றார். கஜபதி எத்தனை மேடையில் பேசியிருக்கிறார். எத்தனை கமிட்டியில் உண்மையைச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் நீ பார்த்தியா, சாட்சி யார், எந்தத் தீர்மானத்தின்படி என்று கேட்டார்கள்; கூடவே சிறையிருந்தவனே கேட்டான். இவர் வார்த்தையைக் கேள்வி கேட்காமல், உயிரை வைத்து எடுத்துக்கொண்ட ஒரே ஆள் அந்தக் கருங்காலி. துண்டறிக்கையில் இதற்கு எந்த வாக்கியமும் இல்லை. எழுதிப் பார்த்திருக்கிறார். வரவில்லை. ஞானாதிக்கம் ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் மாலை போட்டார்கள், இவர் போகவில்லை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றார். அதற்கப்புறம் அந்தக் குரலைக் கேட்கவில்லை.

கீழே ஒரு மின்சார எஞ்சின் சத்தமில்லாமல் வந்து சுருட்டுக்காரியோடு முட்டியது. கொக்கி விழுந்த ஓசை பாலத்தில் ஏறி உள்ளங்காலுக்கு வந்தது. ஒரு ஆள் கொடியோடு ஒதுங்கினான். கஜபதி கைப்பேசியைக் கிழிசலில் நீட்டினார். பாலத்தில் சாய்ந்துகொண்டார். திரையில் அவள் வந்தாள், முழுசாக, வலப்பக்கம் முழுவதும் தெரியும்படி. அவருடைய பக்கம். அவர் தலை நீட்டிய ஜன்னலில் கண்ணாடி இல்லை. கைப்பிடிக் கம்பியில், உள்ளங்கை தேய்ந்து தேய்ந்து வழுவழுப்பான இடம் மட்டும் துருப்பிடிக்காமல் மின்னியது. இப்படி ஒரு படம் இனி யாருக்கும் கிடைக்காது. கட்டைவிரலை வைத்தால் போதும். அந்தச் சமயம் பார்த்து யார்டு முனையில் வண்டியை வெளியே விடும் ஸ்டார்ட்டர் சிக்னல் மாறியது, வாய் முந்திக்கொண்டு, "மஞ்சள்" என்றது. பாலமே திரும்பிப் பார்க்கும்படி. மீன்காரப் பெண் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தாள். யாரும் திருப்பிச் சொல்லவில்லை. திருப்பிச் சொல்லாவிட்டால் மறுபடி சொல்ல வேண்டும், அது சட்டம். கேட்டவன் காதில் விழுந்ததா என்று தெரியாமல் வண்டி நகரக்கூடாது. படத்தை அவர் எப்படி அங்கிள் பார்ப்பார். சுருட்டுக்காரி ஒரு தரம் குலுங்கினாள். எடுத்தால் படம், பேசினால் படம் இல்லை, கையில் இருப்பது ஒரே கைப்பேசி. கஜபதி படம் எடுக்காமலே திரையிலிருந்து அவளை விலக்கிவிட்டு நேற்று வந்த எண்ணை அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பியூலா போனை அப்பாவின் காதுக்குக் கொண்டுபோனாள்; துணி உரசும் ஓசை, கட்டில் கிறீச்சிடும் ஓசை, பிறகு ஒரு மூச்சு. கனத்த, இழுத்து இழுத்து விடும் மூச்சு.

"ஸ்டார்ட்டர் மஞ்சள்" என்றார் கஜபதி.

அந்தப் பக்கம் மூச்சு நின்றது. "ஸ்டார்ட்டர் மஞ்சள்." குரல் தேய்ந்திருந்தது, ஆனால் தாமதம் இல்லை.

சுருட்டுக்காரி நகர ஆரம்பித்தாள், நீண்ட முதுகை முன்னால் விட்டுக்கொண்டு இல்லை, பின்னால் இழுபட்டுக்கொண்டு. பாலத்துக்கு அடியில் வந்தபோது கஜபதி குனிந்து பார்த்தார். புகைபோக்கிக்குள் ஒரு காக்கைக் கூடு இருந்தது. அப்போதுதான் ஞானாதிக்கம் கேட்டார், சிக்னல் அல்லாத முதல் வார்த்தை: "பொகை விடுதாளா?" திருநெல்வேலிப் பேச்சு. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்தும் அந்த ஆளின் ஊர்ப்பேச்சு இப்படி இருக்கும் என்று இவருக்குத் தெரியாது. விடுகிறாள், சும்மா கரும்புகையாக ஊதிக்கொண்டு போகிறாள் என்று சொன்னால் என்ன குடிமுழுகிவிடும்? கட்டிலில் கிடக்கும் குருடனுக்கு ஒரு வாய்ப் புகை. மனோன்மணி இருந்தால் சொல்லிடுங்க என்பாள். சொன்னால் நம்பிவிடுவார். அதுதான் கஷ்டம், கேள்வியே கேட்காமல் நம்பிவிடுவார். பனியில் பிரேக் போட்ட அதே நம்பிக்கையோடு.

"இல்ல," என்றார் கஜபதி. "செத்துட்டா. இழுத்துக்கிட்டுப் போறாங்க."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு குக்கர் கூவியது.

"இழுத்துக்கிட்டுப் போறாங்க" என்று திருப்பிச் சொன்னார் ஞானாதிக்கம். நிச்சயமா என்று கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, சிக்னலைத் தாண்டிவிட்டாளா என்று மட்டும் கேட்டார். தாண்டுகிறாள் என்றார் இவர். வளைவில் அந்த முதுகு ஒருமுறை வெயிலில் நீண்டு, செம்பருத்திச் சாறு போல ஒளிர்ந்து, ஒடுங்கி, பாதியாகி, குடியிருப்புச் சுவருக்குப் பின்னால் போயிற்று. என்ன ஒரு பொம்பளை. இழுபட்டுப் போகும்போதும் தலை குனியாமல் போகிறாள். வெறும் தண்டவாளம் மின்னியது. முடிந்தது என்று கைப்பேசியை இறக்கப் போனவர், யார்டு முனையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். இத்தனை காலம் எஞ்சினுக்குள் இருந்தவர்கள் இதை ஒருநாளும் பார்த்ததில்லை. சிக்னல் எப்போதும் முன்னால்தான். தாண்டிய பிறகு அது என்ன ஆகிறது என்று திரும்பிப் பார்க்க நேரமிருந்ததில்லை. இப்போதுதான் பார்க்கிறார், இரண்டு பேருக்காகவும். அவள் போன வழியை யாரும் தொடாதபடி, விளக்கு மாறிவிட்டது.

"சிவப்பு" என்றார் கஜபதி.

"சிவப்பு" என்றார் ஞானாதிக்கம்.

இருவரும் போனை வைக்கவில்லை.